உறவில்லை என்று எழுதிய தாள்

இன்று மண்ணாடிப்பட்டுப் பெண்களின் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பம் போட்டோம். நான் இருந்தேன், கம்ப்யூட்டர் கடைக்காரர் இருந்தார். சங்கத்துப் பெண்கள் ஒருவரும் இல்லை. அவர்களுடைய ஓடிபி மட்டும் போனில் வந்து சேர்ந்தது. கடைக்காரர் ரசீதில் குத்த ஸ்டாம்ப் பேடைத் திறந்தார் பாருங்கள், அந்த மை வாசனைக்குக் குருவிநத்தத்து ஏழு பெண்களும் கண்முன் வந்துவிட்டார்கள்.

இந்த வேலைக்கு வந்து நான் முதன்முதலில் சங்கம் பதிவு செய்யக் கூட்டிப் போனது அவர்களைத்தான். கழனி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போக ஓர் இடம் வேண்டும். பூட்டிக் கிடந்த அரசுக் கட்டடம் ஒன்று இருந்தது. பதிவான சங்கத்துக்குத்தான் தருவார்களாம், அதுவும் அந்த வாரத்துக்குள். தவறினால், உரமூட்டை அடுக்கக் கேட்டிருந்த வியாபாரிக்குப் போய்விடும்.

பஸ்ஸிலேயே பாடம் நடத்தினேன். "ஆபீஸ்ல அண்ணி, அத்தன்னு கூப்டாதீங்க. ஒரே குடும்பம்னு நெனச்சிட்டா சங்கத்தப் பதிய மாட்டாங்க. பேர் சொல்லிக் கூப்டுங்க."

பெரியவர்களைப் பேர் சொல்வதா? அதற்கு வாயை மூடிக்கொள்வதே மேல் என்று ஏழு பேரும் ஊமையானார்கள். எல்லாம் பதிவு அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலியாகும் வரைதான். "ஒக்காரு அத்த" என்றாள் ஒருத்தி.

எழுத்தர் நிமிர்ந்தார். "ஒரே குடும்பம் இல்லன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் குடுங்க."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஒரு வரி கேட்டால் ஒன்றரை வரி எழுதுவேன். 'நாங்கள் ஒருவருக்கொருவர் எவ்வித உறவும் அற்றவர்கள்' என்று டைப் அடித்து வந்து, பெருமையாக வாசித்தும் காட்டினேன். முதலில் நின்ற அஞ்சலை பேனாவை வாங்கவில்லை.

"இன்னாபா எழுதிகினு வந்துகிற? சரோஜா என் கொழுந்தன் பொண்டாட்டி. அவ எனக்கு ஒண்ணுமில்லியா?"

சரோஜா பக்கத்தில்தான் நின்றார். வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. பஸ்ஸில்கூட ஒருவர் முன்வாசல், ஒருவர் பின்வாசல்.

"நீங்கதான் அவங்ககூடப் பேசறதே இல்லியேக்கா" என்றேன்.

"பேசலன்னா? சண்ட போடறதுக்கும் சொந்தம் வேணும்பா. அத்துட்டுப் போறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கட்டடம் போனா போவுது."

மற்றவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். எழுத்தர்தான் சிரித்தார். "தனித்தனிக் குடித்தனம்னு எழுதும்மா, போதும். நான் கேட்டதே அதான். தம்பிக்குப் படிப்பு ஜாஸ்தி."

எழுதினோம், அஞ்சலையே முதல் கையெழுத்து. கட்டடம் கிடைத்தது.

இப்போது ஏகப்பட்ட சங்கங்கள் பதிவு செய்கிறேன். யார் யாருக்கு அத்தை, யாருக்கு யாரோடு பேச்சில்லை என்று ஒன்றும் தெரிவதில்லை. அலுவலகத்துக்கு யாரும் சேர்ந்து போவதில்லை. அன்று புதுத் தாளுக்குக் கையில் காசில்லாமல் நான் விழித்தபோது, சரோஜா சுருக்குப் பையை அவிழ்த்தார். "அவங்களே தாள் வாங்கட்டும், அவங்க கையில குடு தம்பி" என்று, அஞ்சலையைப் பார்க்காமலே என்னிடம் நீட்டினார். தாளும் டைப்பும் சேர்த்து நூற்று இருபது ரூபாய்.