கயிற்றின் மறுமுனை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

ரெண்டாயிரத்து மூன்று வாக்கில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் லைனில் வேலை. கூட வேலை பார்த்த செல்வம் திருநெல்வேலிக்காரன், கிணற்றுக்குள்ளேயே பிறந்தவன் மாதிரி மூச்சடக்குவான். மணிமங்கலம் தாண்டி ஒரு கைவிட்ட கல்குவாரி. மேலே பாறை சுடும், கீழே தண்ணீர் கடிக்கும், கறுத்துப்போய் யாரையும் வேண்டாமென்று கிடக்கும் தண்ணீர். அதன் அடியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்தைச் செல்வம் கண்டுபிடித்துவிட்டான். உள்ளே குகை, ஓரிடத்தில் தலைதூக்கி மூச்சுவிடக் காற்று, அதற்கும் அப்பால் இருட்டு போய்க்கொண்டே இருக்கிறதாம்.

“அங்க இன்னாதான்டா கீது?”

“ஒண்ணுமே இல்லலே. பிரஸ் அடிக்க சத்தம் காதுக்குள்ளயே கெடக்குல்லா, அங்க போனாத்தான் அது நிக்குது.”

ஞாயிற்றுக்கிழமை, உச்சிவெயில். நீல நைலான் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டான், மறுமுனையைக் கரையிலிருந்த வேலிகாத்தான் மரத்தில் கட்டினோம், நடுவில் நான் பிடித்துக்கொண்டேன். அவன் ஊரில் கிணறு தூர் வாரும்போது ஒரு வழக்கம்: கீழே இருப்பவன் மூன்று முறை வெட்டி இழுத்தால் ‘தூக்கு’ என்று அர்த்தம். மேலே இருப்பவன் உடனே ஒருமுறை இழுத்து ‘இருக்கேன்’ என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழே இருப்பவன் பயத்திலேயே செத்துப்போவான்.

“பதில் குடுக்க மறந்துட்டு பீடி இழுத்துக்கிட்டு நிக்காதலே.”

“நீ பொணமா வந்தா உங்கம்மாவுக்கு நான் இன்னாடா பதில் சொல்றது?”

சிரித்துக்கொண்டே முங்கினான். கயிறு ஓடியது, ஓடியது, நின்றது. குமிழிகள் வந்தன, அவையும் நின்றன. எனக்குத்தான் மூச்சு முட்டியது. அப்புறம் வெட்டு, வெட்டு, வெட்டு. போன உயிர் வந்தது. ஒருமுறை இழுத்துப் பதில் கொடுத்துவிட்டுத் தூக்கப் பார்த்தேன். பாறையைக் கட்டி இழுப்பதுபோல் கனம்.

“எதலே இழுக்கே?”

இடது பக்கம், தண்ணீருக்கு மேலே செல்வத்தின் தலை. இடுப்பில் கயிறில்லை. சிக்கிக்கொண்டதால் உள்ளேயே அவிழ்த்துவிட்டானாம்.

என் கையிலிருந்த கயிறு மறுபடி மூன்று முறை வெட்டியது. அவனும் பார்த்தான்.

“பதில் குடுக்காத,” என்றான்.

“மொதல்லயே குடுத்துட்டேன்டா.”

அந்த வாரமே ஊருக்கு பஸ் ஏறினான். ஏறும்போது சொன்னான்: “அந்த முடிச்ச நான் அவுக்கலலே. அவுக்கதுக்குள்ள அதுவா அவுந்துச்சு.”

குவாரியை மண்ணடித்து மூடி, மேலே கிடங்கு கட்டிவிட்டார்கள். மதிலுக்கு வெளியே அந்த மரம் மட்டும் நிற்கிறது. பட்டைக்குள் புதைந்த நீலக் கயிறு அங்கிருந்து இறங்கி மண்ணுக்குள் போகிறது. இத்தனை வருட வெயிலில் நைந்து தொங்கியிருக்க வேண்டுமில்லையா? விறைப்பாக நிற்கிறது, ஐயா, யாரோ பிடித்திருக்கிற மாதிரி. பக்கத்தில் போவேன், தொடமாட்டேன். கை பழக்கத்தில் ஒருமுறை இழுத்துவிட்டால்?