சுவர் பூக்கும் வீடு

எங்கள் வீட்டுச் சுவரில் பக்கத்து உப்புநீர் ஏரியின் உப்பு ஏறி, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து உதிரும். அதற்கும் இந்த ஊரில் பூப்பது என்றுதான் பேர். துடைப்பம் பிடிக்காத யாரோதான் அந்தப் பேரை வைத்திருக்கவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை அந்தப் பூவைக் கூட்டுகிறவள் நான்.

போன வெள்ளிக்கிழமை, நண்டு விற்கப் பொன்னேரிக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரரிடம் இரண்டு முழம் மல்லிப்பூ வாங்கிவரச் சொன்னேன். வழி பார்த்துப் பார்த்துக் கண்தான் பூத்தது. வெறுங்கையோடு வந்தவர், "வூடு பூரா பூத்துக் கெடக்குது, உனுக்குத் தனியா பூ வோணுமா இன்னா?" என்று இளித்தார்.

சோறு போட்டேன். ஒரு வாய் வைத்ததும், "இன்னாமே, கொழம்புல உப்பே இல்ல?" என்றார்.

"செவுரு பூரா பூத்துக் கெடக்குது, சொரண்டிப் போட்டுக்கோ" என்றேன்.