நாட்டுக்கு வசனம் கிடையாது

நாடகத்துக்கு நான் போட்ட விதி ஒன்றே ஒன்று: நாடு பேசக் கூடாது.

நாடாக நடித்தது என் அம்மா. சிக்கல் அங்கேதான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் குடியரசு தினம் என்றால் மியூசிக்கல் சேர், ஸ்பூனில் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். அந்த வருஷம் நான் அரசியல் அறிவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு, வேலை கிடைக்காமல், ஆனால் திமிருக்குக் குறைவில்லாமல் வீட்டில் இருந்தேன். நையாண்டி நாடகம் ஒன்று எழுதினேன். ஒரு கற்பனை நாடு. வெள்ளைக்காரத் துரை சாவியைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏற வேண்டும். நாட்டைத் தொடங்கி வைக்க மூன்று தலைவர்கள் கூடுகிறார்கள். நாடு பிறக்கும் முன்பே கல்வெட்டு அடித்துவிட்டு, யார் பெயர் மேலே என்று மல்லுக்கட்டுகிறார்கள். சட்டம் எழுத உட்கார்ந்தால், கை வைத்த நாற்காலி யாருக்கு என்பதிலேயே ஒரு மதியம் போய்விடுகிறது. கடைசிக் காட்சியில் முதல் பிரதமர் வந்து சாவியை வாங்குவார். இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் கொடியோடு நாற்பது நிமிஷம் சும்மா நிற்பாள். அவள்தான் நாடு.

துரை என் அப்பா. இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஒரு டப்பா பவுடர் கொட்டியும் வெளுக்கவில்லை, சாம்பல்தான் பூத்தார். பிரதமர், அதே ஆலையில் ஃபர்னஸ் பார்க்கும் எதிர்வீட்டுக்காரர். எனக்குப் பெரியப்பா முறை.

அம்மா பேட்டரி கம்பெனியில் பேக்கிங். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. ஒத்திகையின் இரண்டாம் நாளே என்னிடம் வந்துவிட்டாள்.

"எனக்கு ஒரே ஒரு டயலாக் குடுடி."

"நாடு பேசாதும்மா. அதான் மேட்டரே. எல்லாரும் உன்னப் பத்தியே பேசுவானுங்க, உன்னாண்ட ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"கம்பெனிலயும் வாயத் தொறக்காம நின்னுகினுதான் கீறேன். இங்கயும் அதேவா?"

"அது வேறம்மா."

"இன்னா வேற? துணிக்கடைலேர்ந்து ஒரு பொம்மையத் தூக்கியாந்து நிறுத்து. அதுக்குக் கால் வலிக்காது."

அப்பா சமாதானத்துக்கு வந்தார். "ஒண்ணு குடேன் புள்ள. வணக்கம்னாவது சொல்லட்டும்."

"நைனா, நீ மொதல்ல உன் இங்கிலீஷ மனப்பாடம் பண்ணு."

அதன்பிறகு அம்மா கேட்கவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் வசனம் பேசும்போது அவள் உதடும் கூடவே அசைந்தது. ஒத்திகை முடிவதற்குள் நாடகம் முழுக்க அவளுக்கு அத்துப்படி. நான் கவனித்தேன். கவனித்தும் கொடுக்கவில்லை.

ஆலையில் ஒரு சட்டம் உண்டு, இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஷிஃப்ட் முடிந்தாலும், ரிலீவர் வந்து வேலையைக் கையில் வாங்கும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. அவன் வராவிட்டால் அடுத்த ஷிஃப்டும் நீதான், டபுள். ஃபர்னஸுக்குக் குடியரசு தினமெல்லாம் கிடையாது. பெரியப்பாவுக்குக் காலை ஷிஃப்ட், இரண்டு மணிக்கு வந்துவிடுவார் என்று நம்பி ஆறு மணிக்கு நாடகம் வைத்த மேதை நான்.

அவருடைய ரிலீவர் வரவில்லை. வேறு ஆள் அனுப்புவதாக சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார், கடைசி சீனுக்குள் வந்துவிடுவேன், ஆரம்பியுங்கள் என்று பெரியப்பா சொல்லி அனுப்பினார். ஆரம்பித்தோம்.

கல்வெட்டுச் சண்டைக்கு நல்ல சிரிப்பு. நாற்காலிக்கு விசில். நான் மேடையோரப் படுதாவுக்குப் பின்னால் பெருமையில் மிதந்துகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஆலை கேட்டிலிருந்து செக்யூரிட்டி.

"ஆள் வரலம்மா. அவரு டபுள் பாக்கறாரு. உன்னாண்ட சொல்லச் சொன்னாரு."

மேடையில் அப்பா சாவியைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் வீட்டுச் சாவிதான். "கப்பல் ரெடி. சாவி யாருக்கு?"

யாரும் வரவில்லை. இன்னொரு தடவை கேட்டார். நான் படுதா ஓரத்திலிருந்து தலையை ஆட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் எழுதாத வசனத்தைச் சொன்னார்.

"ரிலீவர் வராம நான் எப்டிப்பா போறது?"

ஆண்கள் பக்கம் வெடித்தது. ஆனால் அப்பாவின் கையிருப்பு அவ்வளவுதான். சிரிப்பு அடங்கியதும் விழித்துக்கொண்டு நின்றார். தலைவர்கள் மூன்று பேரும் சாவிக்குக் கை நீட்டி, ஒருவர் சட்டையை ஒருவர் நிஜமாகவே இழுக்க ஆரம்பித்தார்கள். முடிந்தது, மானம் போயிற்று என்று நினைத்தேன்.

நாடு கொடியை நாற்காலியில் சாய்த்து வைத்தது. முன்னால் வந்தது.

"இந்தாய்யா. சாவிய இப்டிக் குடு."

அப்பாவுக்குத் துரை வேஷமே மறந்துபோயிற்று. "நீ ஏம்மா..."

"ரிலீவர் வரலல்ல? நான் டபுள் பாக்கறேன். நீ கெளம்பு, கப்பல் பூடப் போவுது."

அப்பா கொடுத்தார். அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தலைவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இன்னா பாத்துகினு கீறீங்க? ஊடு பெருக்காம கெடக்குது. ஆளுக்கொரு மூல எடுங்க."

முதலில் கை தட்டியது பேக்கிங் பெண்கள் வரிசை. பிறகு எல்லாரும். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் நான் திரையை இழுத்துவிட்டேன்.

மறுநாள் நாஷ்டா நேரத்துக்குப் பெரியப்பா வந்தார், சிவந்த கண்ணோடு. "நாட்ட அனாதையா உட்டுட்டேனேம்மா."

"நாட்டுக்கு ஒண்ணும் ஆவல. குந்து, இட்லி துண்ணு," என்றாள் அம்மா.

பள்ளிப்பட்டுப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் தன் ஊர்த் திருவிழாவுக்கு அதே நாடகம் வேண்டும் என்று கேட்டார். நான் உட்கார்ந்து அம்மாவுக்கு ஒரு பக்கம் வசனம் எழுதினேன், நல்ல தமிழில். கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"இது நான் பேசுனது இல்லியே."

"கொஞ்சம் டெவலப் பண்ணிக்கீறேம்மா."

"அடிச்சிடு. நான் எப்பவும்போல நிக்கறேன். பேச வேண்டிய எடத்துல நானே பேசிக்கறேன்."

அடித்தேன். நோட்டில் 'நாடு' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, கீழே நான்கு வரி காலியாக விட்டேன்.

அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"நாலு வரி பத்தாது," என்றாள்.