நைஜீரியாவுக்குப் போன படம்

நாட்டிங்ஹாமில் யாராவது படமெடுக்க வந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத்தான் போட வேண்டும். கல்யாணமோ கருமாதியோ, தொழிலாளி வீட்டில் அந்த ஒரே கோட்டுதான். இரண்டாம் உலகப்போர் முடிந்து சில வருஷங்களில், நைஜீரியாவில் சைக்கிள் விற்பதற்காக எங்கள் சைக்கிள் தொழிற்சாலையில் விளம்பரப் படம் எடுத்தார்கள். வீல் பெண்டு எடுக்கும் வில்ஃப் ஹாலமும் அதில் வருவதாக ஏற்பாடு. அவன் மனைவி ஐவி கோட்டைத் தேய்த்து, கழுத்தை நெரிக்கிற மாதிரி டையும் கட்டி அனுப்பிவிட்டு, தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

லண்டனிலிருந்து வந்த டைரக்டர் தலையிலடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது மாப்பிள்ளைக் கோலம்? எனக்கு வேலை செய்றவன்ல வேணும்!"

பக்கத்து மேசை சிரில் எண்ணெய்ப் பிசுக்கோடு நின்றான். அவனை வில்ஃப் இடத்தில் உட்காரவைத்தார்கள். வில்ஃப் சுவரோரமாக நின்று பார்த்தான்.

"எப்படிப் போச்சு? கோட்டப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் ஐவி.

"நல்லா இருக்குன்னாங்க. என்னை நல்லாவே எடுத்தாங்க."

பாவி மனுஷன்! அவள் முகத்தைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கடல் தாண்டிப் போகிற படம்தானே, இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

விதி யாரை விட்டது? கிறிஸ்துமஸுக்குக் குடும்பங்களைக் கூப்பிட்டு, கேன்டீனில் அதே படத்தைப் போட்டார்கள். வில்ஃப் வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தான்.

"செத்தாலும் அங்க வந்து சாவு," என்று இழுத்துக்கொண்டு போனாள் ஐவி.

திரையில் சிரில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள்.

"உன் வீட்டுக்காரர் எங்கடி? நைஜீரியாவுக்கே போயிட்டாரா?" என்றாள் எதிர்வீட்டு எட்னா. கேன்டீனே சிரித்தது.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் ஐவி கேட்டாள்.

"கோட்டுனாலதானே?"

"ம்."

"அன்னைக்கே என்னைத் திட்டியிருக்கலாமே! ஊரெல்லாம் நான் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன், நீ பாத்துக்கிட்டுச் சும்மா இருந்திருக்கே."

"நீ சந்தோஷமா இருந்தே, கண்ணு."

"கண்ணாம் கண்ணு! உன்னை நம்பினேனே, என்னைச் சொல்லணும்."

அதோடு சண்டை முடிந்தது. சண்டை நீடித்திருந்தாலாவது தேவலை. சாயங்காலம் தட்டில் சாப்பாடு இருக்கும், தேநீர் சூடாக இருக்கும். தொழிற்சாலையில் என்ன நடந்தது என்று மட்டும் அவள் கேட்கமாட்டாள். சில வருஷம் கழித்து அவனை மேஸ்திரியாக்கினார்கள். மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான்.

"அப்படியா?" என்றாள் ஐவி.

மறுநாள் காலையில் சிரில் வீட்டுக் கதவைத் தட்டி, அது நிஜம்தானா என்று கேட்டுவிட்டு வந்தாள்.