சருகுக்கு நடுவே நின்றவள்

ராமாமணி உக்கடத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். கணவர் போன பிறகு, பழைய மில் இடத்தில் மனை பிரித்துக் கட்டிய சின்ன வீடொன்றை வாங்கித் தனியாகக் குடிவந்தாள். வீட்டுக்குப் பின்னால், பொடக்காலி என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் இடம் இருந்தது. மம்முட்டியைப் போட்டுக் கொத்தினால் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான் வரும். அருகம்புல்கூட அங்கே தலைகாட்டவில்லை.

மாசியில் தெருப் பூங்காவின் புங்கமரங்கள் இலையைக் கொட்டின. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கிருபாசங்கர் சாயங்காலந்தோறும் அதைக் கூட்டச் சொல்லித் தன் கையாலேயே கொளுத்தினார். புகை நேராக ராமாமணியின் ஜன்னலுக்குத்தான் வந்தது. அவளுக்கு இளைப்பு உண்டு. போய்ச் சொன்னாள்.

“கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கங்க, அம்மணி” என்றார் அவர்.

மறுநாள் அவர் தீப்பெட்டியோடு வந்தபோது ராமாமணி குவியலின் நடுவில், முழங்கால் வரை சருகில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏனுங்க, என்னங்க இது? வெளிய வாங்க.”

“வரமாட்டேனுங்க. கொளுத்தறதுன்னா என்னையும் சேத்துக் கொளுத்துங்க.”

அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கிருபாசங்கருக்கு முகம் சிவந்தது. “அவ்வளவு அக்கறைன்னா அத்தனையும் உங்க ஊட்டுக்கே அள்ளிட்டுப் போயிருங்க!”

“சரிங்க” என்றாள்.

அவர் கோபத்தில் சொன்னதை அவள் அனுமதியாக எடுத்துக்கொண்டாள். பழைய சேலைகளில் மூட்டை கட்டி அந்த மாதம் பூராவும் சுமந்தாள். உடைந்த செங்கல்லையே வரிசையாக அடுக்கிப் பாத்தி கட்டி, சருகை இடுப்பளவு நிரப்பி, சாணி கரைத்து ஊற்றினாள். பங்குனி பாதி போயும் ஒன்றும் மக்கவில்லை. கிளறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஈரம் மேலோடு நின்றிருந்தது; உள்ளே இலை மொறுமொறுவென்று அப்படியே கிடந்தது. அத்தனையையும் வெளியே இழுத்துப்போட்டு, அடுக்கடுக்காக நனைத்து, மிதித்து, மறுபடி நிரப்பினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. அழுகைகூட வந்தது. கிருபாசங்கர் மாடியிலிருந்து பார்க்கிறார் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கூடை அள்ளினாள்.

சித்திரை முடியும்போது சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்தார். “அந்தச் சருகுல பாம்பு வந்து சேருமுங்க. எடுக்கச் சொல்லுங்க.”

“வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க” என்று கூட்டத்தையே வீட்டுக்கு அழைத்துவந்தாள் ராமாமணி. குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். கறுப்பாக, வெதுவெதுப்பாக, மழை நனைத்த மண்ணின் வாசத்தோடு வந்தது மக்கிய உரம்.

“பாம்பு இல்லீங்க. வேணும்னா நீங்களும் கையை வுட்டுப் பாருங்க.”

யாரும் விடவில்லை. எடுக்கச் சொல்லாமலே கூட்டம் கலைந்தது.

ஆடியில் தண்டங்கீரை விதைத்தாள். அதற்குள் குவியல் சாண் உயரத்துக்கு அமிழ்ந்திருந்தது. கீரை தளதளவென்று வந்தது. கிருபாசங்கரின் மனைவி புவனாவுக்கு ஒரு கட்டுக் கொடுத்தாள்; அவள் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அவர் மட்டும் இன்னும் பேசுவதில்லை.

பாத்தி பத்தவில்லை என்று ராமாமணி இப்போது வாசலின் சிமெண்ட் தளத்தை உடைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். அதற்கும் சங்கத்தில் பேச்சு கிளம்பிவிட்டதாகப் புவனா வந்து சொன்னாள்.

“பேசட்டுமுங்க” என்றாள் ராமாமணி. “எடம் என்னோடதுங்க.”