ஒரே ஃப்ளாப்பியில் ஓர் இணையதளம்

1999 செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை என்று தேதியிட்ட ஒரு மின்னஞ்சலின் அச்சுத்தாள் என்னிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழில் தருகிறேன்: ‘கையேடு இருக்க வேண்டிய இடம் இணையதளம்தான். வெளியே உலவும் பழைய பிரதிகள் படிப்பவரைத் தவறான வழியில் கொண்டுபோகும். நீங்கள் அனுப்பிய கணினிக் கோப்பினைச் சேர்த்துக்கொள்ள இயலாது. ஆர்வத்துக்கு நன்றி.’

எழுதிய தேதி அது. நான் படித்தது 19ஆம் தேதி, ஞாயிறு, கடலூரில். எங்கள் ஊரான விருத்தாசலத்தில் அப்போது பிரவுசிங் சென்டர் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

விஷயம் அக்காவின் கோப்பைகளில் தொடங்கியது. அக்கா இங்கேயே செராமிக் டிப்ளமோ படித்தவள். அவளும் மாமாவும் ஒரு சிறிய யூனிட்டில் டீக் கோப்பை செய்தார்கள். அந்த வருடம் சூளையிலிருந்து எடுத்த கோப்பைகளின் கிளேஸில், அதாவது மேலே பூசிச் சுட்ட பளபளப்பில், மயிரிழை விரிசல் விழ ஆரம்பித்தது. பாண்டிச்சேரி வியாபாரி ஒரு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பினார். இன்னொரு லோடும் அப்படி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லி அனுப்பினார். அவரை விட்டால் அவர்களுக்கு வேறு பெரிய வியாபாரி கிடையாது.

கிளேஸில் எந்தப் பொருளை எவ்வளவு கலப்பது என்று கணக்குப் போடும் இலவச மென்பொருள் ஒன்று, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் எனக்குக் கிடைத்தது. பல நாட்டுக்காரர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதியது. அதை நம்பி அக்கா பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினாள். திறந்தால், ‘உதவிக்கு எங்கள் இணையதளத்தைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி. கையேடு முழுக்க அங்கேதான் இருந்தது.

“அது எங்கடா இருக்குது?” என்றாள் அக்கா.

“வெப்சைட்டுல.”

“அதான், எங்க?”

“கடலூர் போனா பாக்கலாம்.”

“சூளை இங்க, குறிப்பு கடலூர்ல. பஸ்ஸு ஏறிப் போயி ஒரு வரி படிச்சிட்டு வந்து ஒரு கோப்பை சுடணுமா? நல்லா இருக்குதுடா!”

மாமா கம்ப்யூட்டரைத் துண்டால் தட்டினார். “என்னா மாப்ள, டிவின்னு நெனச்சி வாங்கினோமா? ஒரு படங்கூட காட்ட மாட்டேங்குது.”

ஞாயிறுதோறும் நான் கடலூர் போனேன். சென்டர்க்காரர், “வெளி ஃப்ளாப்பி போடாதீங்க சார், வைரஸ் வரும்” என்று தன்னிடமிருந்ததையே விற்றார். கையேடு சின்னச் சின்னப் பக்கங்களாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொன்றும் படங்களோடு ஊர்ந்து வந்தது. படிக்கும்போது கண்ணில் பட்ட பிழைகளைத் திருத்தி, மென்பொருளை எழுதியவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். இடம் மாறிவிட்ட பொத்தானைப் பழைய இடத்திலேயே தேடச் சொன்ன பக்கம் ஒன்று, மூலப்பொருள் பெயர் விடுபட்டிருந்த பக்கம் ஒன்று. அவற்றை ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

பிறகு படங்களை நீக்கி, எல்லாப் பக்கங்களையும் வரிசையாக ஒட்டி, ஒரே ஃப்ளாப்பியில் அடங்கும் வெறும் எழுத்துக் கோப்பாக்கினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நான் எடுத்த தேதியைப் போட்டேன். தேதியில்லாத தாளை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு இன்றும் மனம் வராது. டெலிபோன் இணைப்பு இல்லாத எல்லாருக்கும் உதவட்டும், தளத்தில் வையுங்கள் என்று அதை அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் மேலே இருப்பது.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: ‘உங்கள் பக்கங்களில் தேதியே இல்லை. பழையது எது, புதியது எது என்று உங்கள் தளத்தில்தான் தெரியாது. என் கோப்பில் தெரியும்.’ அடுத்த வாரம் பதில் இருந்தது. தேதி நல்ல யோசனையாம், சேர்த்துக்கொள்வார்களாம். ஒற்றைக் கோப்பு மட்டும் வேண்டாமாம். இணைப்பு இல்லாதவர்கள் மிகக் குறைவு என்று தள வருகைக் கணக்கு காட்டுகிறதாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரமுடியாதவர்களை வருகைப் பதிவில் தேடி, இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சூளையும் கோப்பையும் பாண்டிச்சேரி வியாபாரியும் உள்ள என் அக்கா அந்தக் கணக்கில் பூஜ்யம்.

பஸ்ஸில் திரும்பும்போது என் கோப்பின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. மென்பொருளின் உரிமம் அது. மென்பொருளையும் கையேட்டையும் யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். வாங்குபவருக்கும் அதே உரிமையைத் தர வேண்டும், அவ்வளவுதான். அதை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். நானோ தாலுகா ஆபீஸில் மனுவோடு நிற்பவனைப்போல அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு கடைசி மின்னஞ்சல் அனுப்பினேன். ‘இது விண்ணப்பம் அல்ல, தகவல். உங்கள் உரிமத்தின்படி இந்தக் கோப்பினை இங்கே கொடுக்கத் தொடங்கிவிட்டேன். பக்கம் மாறும்போது தேதியும் மாற்றுவேன். நிறுத்தச் சொன்னால், உரிமத்தின் எந்த வரி என்று காட்டுங்கள்.’ எந்த வரியையும் அவர்கள் காட்டவில்லை.

அக்கா என் கோப்பினைத் தன் யூனிட்டிலேயே படித்தாள். கிளேஸ் ஆறும்போது கோப்பையைவிட அதிகம் சுருங்கினால் விரிசல் விழும் என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டு, கணக்குப் போட்டு, கிளேஸ் கலவையில் குவார்ட்ஸ் கல்பொடியைக் கூட்டினாள். முதல் சூளையில் விரிசல் போகவில்லை.

“கடலூரு இங்க வந்தும் பிரயோஜனம் இல்லியே மாப்ள” என்றார் மாமா.

“செத்த சும்மா இருங்க” என்றாள் அக்கா, திரையைவிட்டுக் கண் எடுக்காமல்.

மறுபடியும் கூட்டினாள். அடுத்த சூளையைத் திறந்ததும், கோப்பைகள் முழுக்க ஆறிய பிறகு ஒன்றில் நீல மையைத் தடவித் துடைத்தாள். விரிசல் இருந்தால் மை கோடாகத் தங்கிவிடும். ஒன்றும் தங்கவில்லை. இன்னொன்றைத் துடைத்தாள், இன்னொன்றை. மாமா அதில் ஒன்றைக் கழுவி டீ ஊற்றிக் குடித்தார். அந்த லோடு பாண்டிச்சேரியிலிருந்து திரும்பி வரவில்லை.

பக்கத்து யூனிட்காரர்கள் ஃப்ளாப்பி கேட்டார்கள். கம்மாபுரத்திலிருந்து ஒருவர் டூவீலரில் வந்து வாங்கிப்போனார். யாரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை. பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்க என்னிடமும் கேட்க வேண்டாம் என்று சொல்லியே ஃப்ளாப்பியைக் கொடுத்தேன்.

அந்த டிசம்பரில் கடலூரில் தளத்தைத் திறந்தபோது முகப்பில் புதிதாக ஓர் இணைப்பு இருந்தது: ‘முழுக் கையேடு, ஒரே கோப்பாக.’ இறக்கிப் பார்த்தேன். படங்கள் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, நான் போடுவதுபோலவே நாள், மாதம், வருடம் என்ற வரிசையில். என் கோப்பிலிருந்து எடுத்தார்களா, தாங்களாகவே செய்தார்களா என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. இது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.