புகைபோக்கிக்குள் கேட்ட மூச்சு

லண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் சாமிக்கு ஒரே எதிரி கூரையில் பூட்டியிருந்த புகை அலாரம்தான். வெள்ளிக்கிழமை அம்மா கற்பூரம் காட்டத் தொடங்கினாரோ இல்லையோ, அது கத்தத் தொடங்கிவிடும். அப்பா கதிரையில் ஏறி, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிவிடுவார். தேவாரம் முடிந்ததும் கழற்ற மறந்துவிடுவார். பிறகு தொப்பியைத் தேடி வீடே அல்லோலகல்லோலப்படும்.

இதற்கு ஒரு முடிவு கட்டியவர் சித்தப்பா. பாரிஸில் கட்டட வேலை செய்துவிட்டு அந்த வருடம்தான் லண்டனுக்கு வந்திருந்தார். எந்தச் சுவரைக் கண்டாலும் தட்டிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. முன் அறைச் சுவரில் ஓரிடத்தைப் பலகையால் அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தார்கள். தட்டினார். உள்ளே வெறுமையாக ஒலித்தது.

“அண்ணி, உள்ளுக்கு நல்ல இடம் கிடக்கு. சாமியை இதுக்கை வைப்பம். புகை நேரே மேலாலை போயிடும், அலாரம் ஒண்டும் கத்தாது.”

பலகையைக் கழற்றியபோது ஒரு செங்கல் மாடமும் அதற்கு மேலே புகைபோக்கியின் இருட்டும் தெரிந்தன. பழைய காலத்தில் நிலக்கரி எரித்துக் குளிர்காய்ந்த இடம். சித்தப்பா மாடத்துக்கு வெள்ளையடித்து ஒரு தட்டும் போட்டுக் கொடுத்தார். பிள்ளையாரும் முருகனும் அம்மாளும் குடியேறினார்கள். கற்பூரப் புகை சொன்ன பேச்சுக் கேட்டு மேலே போனது. அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்கோ அந்த மாடத்தைப் பிடிக்கவே இல்லை. உள்ளே தலையை விட்டு மேலே பார்த்தால் வானம் தெரியாது. குளிர் மட்டும் இறங்கி வந்து முகத்தைத் தடவும். ஒன்பது வயதுச் சிறுமி இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

தங்கைக்கு அப்போது நான்கு வயது. பெரிய ரோட்டுக்குப் பக்கத்து வீடு என்பதால் லொறிகள் ஓயாமல் போகும். குளிர் தொடங்கினால் அவளுக்கு இழுப்பும் தொடங்கிவிடும். அம்மா முதலில் டொக்டர் தந்த நீல மருந்துப் பம்பை அவள் வாயில் வைத்து அடிப்பார். பிறகு நெற்றியில் திருநீறு பூசி நாக்கிலும் ஒரு சிட்டிகை வைப்பார். பம்பை மட்டும் நம்பி இருக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது.

நவம்பரில், காற்று பலமாக அடித்த ஒரு நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா மாடத்தின் முன்னால் அசையாமல் நின்றார். சட்டியில் இருந்த வெள்ளைத் திருநீறு கறுத்துப் போயிருந்தது. முருகனின் முகத்திலும் கறுப்புத் தூள். யாரும் தொடவில்லை, ஜன்னலும் திறக்கவில்லை. சாமிப் படங்களிலிருந்து திருநீறு கொட்டிய கதைகளை அம்மா நிறையவே கேட்டிருந்தார்.

“இது சும்மா வந்ததில்லை. அம்மாள் ஏதோ சொல்லுறா,” என்றார் மெதுவாக.

அன்று தங்கைக்கு அந்தக் கறுப்பைத்தான் பூசினார். நாக்கிலும் வைத்தார். சாம்பலைக் கண்டால் நெற்றிக்குக் கொண்டுபோகிறவர்கள் நாங்கள். அது எதன் சாம்பல் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. அப்பா பெற்றோல் நிரப்பும் செட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். தங்கை சோபாவில் கிடந்து மூச்சை இழுத்தாள். அம்மா பம்பை அடித்துக்கொண்டே இருந்தார். மாடத்துக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு, தங்கை இழுக்கும் அதே சத்தம் புகைபோக்கிக்குள்ளிருந்தும் கேட்டது. அவள் இழுத்தால் அதுவும் இழுத்தது. அவள் இருமினால் அதுவும் இருமியது. எதிரொலியாக்கும் என்று நினைத்தேன். பிறகு தங்கை சற்றே ஓய்ந்து கண்ணை மூடினாள். மேலே அது ஓயவில்லை. தனியாகக் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டுத்தான் நின்றது. நான் எழுந்து அம்மாவிடம் போனேன்.

“அம்மா, உள்ளுக்கு ஒரு பிள்ளை இருக்கு.”

“விசர்க் கதை கதையாதை. அது காத்து.” அதை அம்மா மாடத்தின் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி. அந்த வீட்டிலேயே பிறந்து அங்கேயே தனியாக இருப்பவர். தெருவில் கண்டால் தலையை ஆட்டுவதோடு சரி. அன்று கோட்டுகூடப் போடாமல் வீட்டுச் செருப்போடு நின்றார். இங்கே ஒரு குழந்தை மூச்சுவிட முடியாமல் இருக்கிறதா என்று கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை, நிஜமான குழந்தைதான் என்றார். ஒரு கிழமையாகத் தன் புகைபோக்கியில் இந்தச் சத்தம் கேட்கிறதாம், அது தனக்குச் சின்ன வயதிலேயே பழக்கமான சத்தமாம். இதை நான் தமிழில் சொன்னதும் அம்மாவின் முகம் வெளுத்தது.

மூதாட்டி உள்ளே வந்து தங்கையின் நெற்றியைப் பார்த்தார். அவளுடைய வாயைத் திறந்து கறுத்த நாக்கைப் பார்த்தார். அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தன் உடுப்பின் நுனியால் தங்கையின் நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

“திருநீறை அழிக்கிறா, பாரன்!” என்று அம்மா பதறினார்.

மூதாட்டி மாடத்துக்குள் கையை விட்டு, மேல் செங்கல்லைத் தடவி எடுத்துக் காட்டினார். விரல் நிறையக் கறுப்பு மசி, பழைய நிலக்கரிப் புகை படிந்த கரி. அம்மா அந்த விரலைப் பார்த்தார், திருநீற்றுச் சட்டியைப் பார்த்தார். தங்கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அம்புலன்ஸுக்கு போன் செய்தது மூதாட்டிதான்.

அம்மாவும் தங்கையும் போனபின், சித்தப்பா வரும்வரை அவர் எனக்குத் துணையிருந்தார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது, மாடத்தின் முன் முழங்காலில் நின்று, தலையை உள்ளே விட்டு, “ரொனி” என்று மெல்லக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பதில் வரவில்லை என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு காலத்தில் லண்டனில் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்ததையும், குளிர்நாட்களில் அந்தப் புகை பனியோடு சேர்ந்து மஞ்சளாகத் தெருவில் இறங்கி நின்றதையும், ஆட்கள் தங்கள் வாசலையே தடவித் தேடியதையும், நெஞ்சில் பலமில்லாத குழந்தைகள் பலர் பிழைக்காததையும் வளர்ந்தபின்தான் படித்தேன். பக்கத்து வீட்டு மூதாட்டியின் தம்பி ரொனியும் அவர்களில் ஒருவன். புகைக்குத் தடைச்சட்டம் வந்து நெருப்பு அணைந்தது. மசி மட்டும் சுவரில் அப்படியே தங்கிவிட்டது.

தங்கை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா சாமிகளை வெளியே எடுத்து, புகைபோக்கியின் வாயை சிமெந்தால் அடைத்து, முன்போலப் பலகையையும் அடித்தார். அலாரத்துக்குத் தொப்பி திரும்பி வந்தது. மூதாட்டி ஒரு கரடிப் பொம்மையோடு வாசலுக்கு வந்தார். பாவம், பெயர் தெரியாமல் கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்து, தங்கையின் பெயர் ரொனி இல்லை என்று சொல்லி, சரியான பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை அழகாகத் திருப்பிச் சொன்னார்.

பிறகு, புகைபோக்கியை அடைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். இனிச் சத்தம் எதுவும் கேட்காதா என்றார். சந்தோஷப்படுவார் என்று நம்பி, இனி ஒருநாளும் கேட்காது என்று அடித்துச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். அவர் ஏன் எங்கள் கூரைப் புகைபோக்கியை அவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.